இரண்டாவது மானிட்டர் ஏன் கண்ணடிக்குது?

போன வாரம் எபிசோடு வரல, நிறைய பேர் மெசேஜ் பண்ணிக் கேட்டீங்க. காரணம் சிம்பிள்: இந்த எபிசோடை எடிட் பண்ற கம்ப்யூட்டரே படுத்துடுச்சு. சரியாச் சொல்லணும்னா, படுத்துடுச்சுன்னு நானும் நினைச்சேன், கடைக்காரரும் நினைச்சார். கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், 26,000 ரூபாய் ஆகும்னு துண்டுச் சீட்டுல எழுதியே கொடுத்துட்டார். கடைசியில எனக்கு ஆன செலவு 850 ரூபாய். கேபிளுக்கு 450, எலக்ட்ரீஷியனுக்கு 400. இந்த இரண்டு தொகைக்கும் நடுவுல என்ன நடந்ததுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல என் செட்டப். சென்னையில ஒரு வாடகை வீடு, ஹால்ல ஒரு மூலை, அதுல ஒரு டெஸ்க்டாப். இரண்டு மானிட்டர். ஒண்ணு 27 இன்ச், 144 ஹெர்ட்ஸ், டிஸ்ப்ளேபோர்ட்ல போகுது. இன்னொண்ணு பழைய 24 இன்ச், 1080பி, 60 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ-ல போகுது. ஒரே மெஷின்ல விண்டோஸ், உபுண்டு இரண்டும் இருக்கு. பகல்ல ஆபீஸ் வேலைக்கு உபுண்டு, ராத்திரி வீடியோ எடிட்டிங்குக்கு விண்டோஸ். கார்டு என்விடியா.

பிரச்சினை என்னன்னா, அந்த 24 இன்ச் மானிட்டர் திடீர்னு கறுப்பாகும். இரண்டு விநாடி. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப வரும். ஒரு நாளைக்கு நாலு தடவை, சில நாள் பத்து தடவை. ஒரு மாசமா இப்படித்தான். "கண்ணடிக்குது"ன்னு நாங்க வீட்டுல பேரே வைச்சுட்டோம்.

இது சும்மா எரிச்சலா மட்டும் இருந்திருந்தா விட்டிருப்பேன். ஆனா அந்த வாரம் ஒரு கல்யாண வீடியோ கையில இருந்தது. ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன்ல திரையில ஓடணும். திங்கட்கிழமை ராத்திரி எடிட்டிங் நடுவுல மூணு தடவை கறுப்பாச்சு. பயம் வந்துடுச்சு. பயம் வந்தா மனுஷன் என்ன பண்ணுவானோ அதையெல்லாம் பண்ணினேன். கிராபிக்ஸ் டிரைவரை முழுசா அழிச்சுட்டுப் புதுசு போட்டேன். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல கண்ணுல பட்டதையெல்லாம் மாத்தினேன். எச்டிஎம்ஐ-யைக் கார்டுல வேற போர்ட்டுக்கு மாத்தினேன். ராத்திரி ஒண்ணரை மணிக்கு மதர்போர்டு பயாஸையும் அப்டேட் பண்ணினேன். ஒரே ராத்திரியில நாலு மாற்றம். அதுல எது என்ன பண்ணிச்சுன்னு கண்டுபிடிக்க இனிமே வழியே இல்ல, பாருங்க.

காலையில உபுண்டு ஆன் பண்ணினா, ஒரே ஒரு மானிட்டர்தான் வருது. அதுவும் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸுல. இரண்டாவது மானிட்டர் "சிக்னல் இல்லை"ன்னு தூங்கிடுச்சு. சரி, கார்டு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, கேபினட்டைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். அந்த அண்ணன் ஒரு மானிட்டர் சொருகி ஆன் பண்ணினார். என் மெஷின்ல தானா பூட் ஆகறது உபுண்டுதான். பூசணிக்காய் எழுத்து வந்தது. "தம்பி, கார்டு அவுட்"னு சொல்லிட்டார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. அவர் பார்த்தது அதைத்தான்.

வீட்டுல அப்போ இருந்த பணம் தங்கச்சியோட செமஸ்டர் ஃபீஸ். பத்து நாள்ல கட்டணும். அதுல கைவைக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே ஆட்டோல திரும்பி வரும்போதுதான் ஒரு கேள்வி வந்தது. கார்டு செத்திருந்தா, நேத்து ராத்திரி பயாஸ் அப்டேட் முடிஞ்சதும் விண்டோஸ்ல இரண்டு மானிட்டரும் எப்படி வந்தது?

இங்கதான் டூயல் பூட் வைச்சிருக்கறவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. ஒரே ஹார்டுவேரைப் பார்த்த இரண்டு சாட்சி உங்ககிட்ட இருக்காங்க. இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. டிரைவர் வேற, டெஸ்க்டாப் வேற, எல்லாமே வேற. இரண்டு சாட்சியும் ஒரே கோளாறைச் சொன்னா, கோளாறு பெரும்பாலும் ஹார்டுவேர்ல: கேபிள், போர்ட், மானிட்டர், கார்டு, கரண்ட். ஒருத்தர் மட்டும் சொன்னா, அந்தப் பக்கத்து சாஃப்ட்வேரைத்தான் முதல்ல சந்தேகப்படணும். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டுல எழுதிப் பார்த்தேன். கண்ணடிக்கறது: விண்டோஸ்லயும் உண்டு, உபுண்டுலயும் ஒரு மாசமா உண்டு. பூசணிக்காய் எழுத்து: உபுண்டுல மட்டும், அதுவும் அன்னைக்குக் காலையிலிருந்து மட்டும்.

அதாவது, ஒரே நோய்னு நான் நினைச்சது இரண்டு நோய். இரண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இதைப் பிரிச்சதும் பாதி பாரம் இறங்கிடுச்சு.

முதல் நோயை எடுத்துக்கிட்டேன். உபுண்டு ஒத்தை மானிட்டர்ல கிடக்கட்டும், விண்டோஸ்ல இரண்டும் வேலை செய்யுதே, கல்யாண வீடியோவுக்கு அது போதும்.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. விண்டோஸ்ல ஈவென்ட் வியூயர்னு ஒண்ணு இருக்கு. கிராபிக்ஸ் டிரைவர் 2 விநாடிக்கு மேல பதில் சொல்லலன்னா விண்டோஸ் அதை ரீசெட் பண்ணும். அது நடந்தா 4101-ங்கற எண்ணோட அங்க ஒரு பதிவு விழும். திரை ஒரு நிமிஷம் போய் வர்றதுக்கு அது ஒரு பொதுவான காரணம். நான் நோட்டுல குறிச்சு வைச்ச நேரம் ராத்திரி 9:10. பதிவுல 9:10-க்கு எதுவுமே இல்ல, டிஸ்ப்ளே மட்டுமில்ல, கம்ப்யூட்டரே அப்போ ஆன்ல இல்லாத மாதிரி காலியா இருக்கு. அரை மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறம்தான் மூலையில கடிகாரத்தைப் பார்த்தேன். அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கு! டூயல் பூட் வைச்சிருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். மதர்போர்டு கடிகாரத்துல உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு படிக்கும். நம்ம ஊர்ல வித்தியாசம் சரியா 5 மணி 30 நிமிஷம். ஆக, நான் பார்க்க வேண்டியது மத்தியானம் 3:40. அங்கேயும் 4101 இல்ல. டிரைவர் விழல. அப்போ டிரைவரை அழிச்சுப் போட்டதெல்லாம் வீண் வேலை.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட் சோதனை. என் கோளாறுக்கு இது உதவல, ஆனா உங்களுக்கு உதவலாம். திரையில கோடு, கட்டம், வண்ணப் புள்ளி மாதிரி ஏதாவது வந்தா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அந்தக் கோடு படத்துலயும் இருந்தா, கார்டுக்குள்ள படம் உருவாகும்போதே தப்பு நடக்குது. படம் சுத்தமா இருந்து திரையில மட்டும் கோடு இருந்தா, தப்பு பெரும்பாலும் கார்டை விட்டு வெளியே போன பிறகு, அதாவது போர்ட்ல, கேபிள்ல, மானிட்டர்ல. ஸ்கிரீன்ஷாட்டை போனுக்கு அனுப்பிப் பாருங்க. அதே திரையில பார்த்தா அதே கோடு அது மேலயும் தெரியும், நீங்க ஏமாந்துடுவீங்க. நான் ஒரு தடவை ஏமாந்திருக்கேன்.

என் விஷயத்துல மூணாவது சாட்சி ஒருத்தர் தேவைப்பட்டார்: பயாஸ். அங்க விண்டோஸும் இல்ல, லினக்ஸும் இல்ல, நாம போட்ட டிரைவர் எதுவும் இல்ல. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கழட்டிட்டு, பழைய மானிட்டரை மட்டும் வைச்சு, பயாஸ் திரையை அப்படியே விட்டுட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் ஆச்சு. ஒண்ணும் ஆகல. சரி டீ போடலாம்னு எழுந்தேன். நாற்காலி "புஸ்"னு மேல வந்தது. மானிட்டர் கறுப்பாச்சு.

சத்தியமா சிரிச்சுட்டேன். திரும்ப உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒண்ணும் ஆகல. திரும்ப. கறுப்பு. பத்து தடவை எழுந்து உட்கார்ந்து எண்ணினேன், தோப்புக்கரணம் மாதிரி. பத்துல ஆறு.

இது மாயமந்திரம் இல்ல. கேஸ் லிஃப்ட் நாற்காலியில நாம எழுந்திருக்கும்போது, உட்காரும்போது, ஸ்டேட்டிக் மின்சாரம் சேர்ந்து டக்குனு வெளியேறும். அந்தச் சின்னப் பொறி சுத்தி ஒரு மின்காந்த அதிர்ச்சியைக் கிளப்பும். பக்கத்துல இருக்கற வீடியோ கேபிள் அதுக்கு ஆன்டெனா. இது உலகம் முழுக்கப் பல பேர் பார்த்து, தயாரிப்பாளர்களே ஒப்புக்கிட்ட விஷயம். 1080பி 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிள்ல மூணு ஜோடிக் கம்பி, ஒவ்வொண்ணுலயும் விநாடிக்கு சுமார் 148.5 கோடி பிட் ஓடுது. பழைய விஜிஏ-வா இருந்தா படம் லேசா நடுங்கிட்டுப் போயிருக்கும். டிஜிட்டல் அப்படி இல்ல. ஓரளவு இரைச்சலைத் தாங்கும், அதுக்கு மேல போனா மானிட்டர் பிடியை விட்டுடும். திரும்பச் சிக்னலைப் பிடிச்சு, அளவு கணிச்சு, படம் காட்ட அதுக்கு ஒண்ணு இரண்டு விநாடி வேணும். நான் பார்த்த அந்த இரண்டு விநாடிக் கறுப்பு இதுதான்.

என் கேபிளைப் பார்த்தேன். 5 மீட்டர் நீளம். மேஜைக்கும் கேபினட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு மீட்டர்தான். மீதி நாலு மீட்டரைச் சுருட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல, நாற்காலிக் காலுக்குப் பக்கத்துல போட்டிருக்கேன். ஆன்டெனாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ரிச்சி ஸ்ட்ரீட் போய் 1.5 மீட்டர்ல, நல்ல கவசம் இருக்கற கேபிள் ஒண்ணு வாங்கினேன். அதை மட்டும் மாத்தினேன், வேற எதையும் தொடல. திரும்ப பயாஸ், திரும்பப் பத்து தோப்புக்கரணம். பத்துல ஒண்ணு.

பரவாயில்லையேன்னு விட்டிருக்கலாம். அந்த ஒண்ணு உறுத்திச்சு. அப்போ அம்மா கேட்டாங்க, "என்னடா எழுந்து எழுந்து உட்கார்ற?" விஷயத்தைச் சொன்னேன். "நான்தான் தீபாவளியிலிருந்து சொல்றேனே, வீடு துடைக்கும்போது அந்தப் பெட்டி கையைக் கிள்ளுதுன்னு. நீதான் ஒண்ணும் ஆகாதுமான்னு சொன்னே."

ஆமா. சொன்னாங்க. மூணு மாசமா சொல்லியிருக்காங்க. "அது ஸ்டேட்டிக்மா"ன்னு நான் பெரிய இன்ஜினியர் மாதிரி பதில் சொல்லியிருக்கேன். அவங்க ஈரத்தரையில வெறுங்காலோட நிக்கறாங்க, நான் செருப்பு போட்டுக்கிட்டு நாற்காலியில. எனக்கு எப்படித் தெரியும்?

டெஸ்டரை எடுத்து கேபினட் மேல வைச்சேன். எரிஞ்சது. மங்கலாத்தான், ஆனா எரிஞ்சது. அன்னைக்கு மத்தியானமே எலக்ட்ரீஷியனை வரவைச்சேன். அவர் ஸ்விட்ச் போர்டைக் கழட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "மூணு ஓட்டை இருக்கு தம்பி, ஆனா எர்த்துக்கு ஒயரே வரல." முன்னாடி யாரோ போர்டு மாத்தும்போது பச்சை ஒயரைச் சொருகாம விட்டிருக்காங்க. சுவத்துக்குள்ள மடிஞ்சு கிடந்தது.

இது ஏன் முக்கியம்னு கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்-க்குள்ள இரைச்சலை வடிகட்ட சின்ன மின்தேக்கிகள் இருக்கும். லைன்லிருந்து ஒண்ணு கேபினட் உடம்புக்கு, நியூட்ரல்லிருந்து ஒண்ணு கேபினட் உடம்புக்கு. வடிகட்டின இரைச்சல் எர்த் வழியாப் போயிடணும்னு ஏற்பாடு. எர்த் இல்லைன்னா அது போக இடமில்ல. இரண்டு மின்தேக்கிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கேபினட், 230 வோல்ட்டுல பாதி, சுமார் 115 வோல்ட்டுல மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைச்சல், அதனால கிள்ளும், அவ்வளவுதான். ஆனா அந்தக் கிள்ளல் என்ன சொல்லுதுன்னா, உனக்கு எர்த் இல்லைன்னு. நாளைக்கு உள்ளே ஒரு லைன் ஒயர் அறுந்து கேபினட்டைத் தொட்டா, எர்த் இருந்தா பெரிய கரண்ட் அது வழியா ஓடி எம்சிபி விழும். எர்த் இல்லைன்னா, அந்தக் கரண்ட் தொடறவங்க உடம்பு வழியாத்தான் தரைக்குப் போகும். எங்க வீட்டுல அது யாருன்னு சொல்ல வேண்டியதில்ல.

கிள்ளறதெல்லாம் இந்த மின்தேக்கிக் கசிவுதான்னும் நினைச்சுக்காதீங்க, உண்மையான லீக்கேஜாவும் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இன்னொண்ணு, இப்படி மிதக்கற மெஷின்ல எச்டிஎம்ஐ-யை ஆன்ல வைச்சுக்கிட்டே சொருகி எடுத்தா போர்ட்டே போகறதுக்கு வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கமும் பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் சொருகணும். நான் திங்கட்கிழமை ராத்திரி போர்ட் மாத்தி மாத்தி விளையாடினது நினைச்சா இப்போ வயித்தைக் கலக்குது.

பச்சை ஒயரைச் சேர்த்தார். டெஸ்டர் எரியல. இருபது தோப்புக்கரணம். ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கு வரைக்கும் கண்ணடிக்கல.

இப்போ இரண்டாவது நோய், பூசணிக்காய் எழுத்து. இது முழுக்க முழுக்க நான் உண்டாக்கினது. பயாஸ் அப்டேட் பண்ணினதும் எல்லா செட்டிங்ஸும் பழையபடி ஆயிடுச்சு. நான் எப்போவோ ஆஃப் பண்ணி வைச்சிருந்த செக்யூர் பூட் ஆன் ஆயிடுச்சு. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, கையெழுத்து இல்லாத டிரைவரை லினக்ஸ் கெர்னல் உள்ளே விடாது. என் என்விடியா டிரைவர் கையெழுத்து இல்லாம போட்டது. கெர்னல் கதவைச் சாத்திடுச்சு. வேற டிரைவரும் இல்லாததால, பயாஸ் கொடுத்த அடிப்படைத் திரையை வைச்சு ஒத்தை மானிட்டர்ல ஒப்பேத்திச்சு. விண்டோஸ் டிரைவருக்குக் கையெழுத்து உண்டு, அதனால அங்க எந்தப் பாதிப்பும் இல்ல. கார்டு பாவம், நல்லாத்தான் இருந்தது.

சோதிச்சுப் பார்க்க செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினேன், இரண்டு மானிட்டரும் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனா ஆன்ல இருக்கறதுதான் நல்லதுன்னு தோணிச்சு. திரும்ப ஆன் பண்ணிட்டு, உபுண்டுல அடிஷனல் டிரைவர்ஸ் வழியா டிரைவரைத் திரும்பப் போட்டேன். அது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், ஞாபகம் வைச்சுக்கோங்க. ரீஸ்டார்ட் பண்ணும்போது நீலத்திரை ஒண்ணு வரும். பயந்துடாதீங்க, அது விண்டோஸ் நீலத்திரை இல்ல. மெஷின் ஓனர் கீயைச் சேர்க்கவான்னு கேட்கும். அதுல "என்ரோல் எம்ஓகே"-ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். சில விநாடிதான் காத்திருக்கும். அந்த நேரத்துல டீ குடிக்கப் போனீங்கன்னா, திரும்பப் பூசணிக்காய்தான். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ்ல பிட்லாக்கர் போட்டிருந்தா, பயாஸையோ செக்யூர் பூட்டையோ தொடறதுக்கு முன்னாடி அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை வேற இடத்துல எழுதி வைச்சுக்கோங்க. கேட்டாலும் கேட்கும்.

நீங்க அனுப்பின கேள்வியில இரண்டை மட்டும் வேகமாச் சொல்லிடறேன். லினக்ஸ்ல 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் சேர்த்து வைச்சா வீடியோ கிழியுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பழைய எக்ஸ்11 இரண்டு மானிட்டரையும் ஒரே பெரிய துணி மாதிரி பார்க்கும், ஒரு தாளத்துக்குத்தான் ஆடும். வேலண்ட் ஒவ்வொரு திரையையும் தனியா நடத்தும். லாகின் திரையில பல்சக்கரப் படத்தை அமுக்கி மாத்திப் பாருங்க. என்விடியா வைச்சு முன்னாடி வேலண்ட்ல மினுக்கல் பார்த்து ஓடி வந்தவங்க, 2024-ல வந்த 555 டிரைவருக்கு அப்புறம் இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம், நிலைமை நிறைய மாறியிருக்கு.

இரண்டாவது, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகல"ங்கறவங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, ஷட் டவுன்ங்கறது முழுசா அணைக்கறது இல்ல. கெர்னலையும் டிரைவரையும் டிஸ்க்ல தூங்க வைச்சுட்டு, மறுநாள் அதையேதான் எழுப்பும். கோளாறும் கூடவே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் எல்லாம் புதுசா ஏறும். டூயல் பூட்ல அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைச்சே வைச்சுடுங்க. இல்லைன்னா விண்டோஸ் டிரைவ்ல உபுண்டு எழுத விடாம அடம் பிடிக்கற பிரச்சினையும் வரும்.

கல்யாண வீடியோ சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணரைக்கு ரெண்டர் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஓடிச்சு. தங்கச்சி ஃபீஸும் கட்டியாச்சு. எலக்ட்ரீஷியன் கிட்ட சமையலறை போர்டையும் பார்க்கச் சொன்னேன், அங்கேயும் ஒரு பாயின்ட்ல எர்த் இல்ல, மிக்ஸி போடற இடம். ஹவுஸ் ஓனர் கிட்ட சொல்லியிருக்கேன், "பார்க்கலாம் தம்பி"ன்னு சொல்லியிருக்கார். இந்த வாரமும் பார்க்கலைன்னா நானே ஆள் வைச்சு மாத்திட்டு வாடகையில கழிச்சுக்கப் போறேன்.

திங்கட்கிழமை காலையில அம்மா ஹாலைத் துடைச்சாங்க. துடைப்பத்தை வைச்சுட்டு, ஒத்தை விரலால கேபினட்டைத் தொட்டுப் பார்த்தாங்க. இரண்டு தடவை. "இப்போ கிள்ளல"ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க.